படகுப் பாட்டில் ஒரு விசும்பல்

நாற்காலியின் கைப்பிடிக்கு அடியில் யாரோ மென்று ஒட்டிவிட்டுப் போயிருந்த சூயிங்கம் தவமணியின் நடுவிரலில் பட்டது. காய்ந்தும் காயாமலும் இருந்தது. புடவையில் துடைப்பதா, நாற்காலியிலேயே தேய்ப்பதா என்று தெரியாமல், அந்த ஒரு விரலை மட்டும் மற்ற விரல்களிடமிருந்து விலக்கி, அடிபட்டது போலத் தூக்கி வைத்துக்கொண்டாள். எவனுடைய எச்சிலோ. எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே மென்றானோ. இந்த அரங்கில் எல்லாமே யாரோ ஏற்கெனவே மென்று போட்டதுதான் என்று தோன்றியது அவளுக்கு. ஏசியிலிருந்து வரும் காற்றை முந்நூறு பேர் ஏற்கெனவே மூச்சுவிட்டு முடித்திருந்தார்கள். பின்வரிசையில் யாரோ சமோசாப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தலைக்கு அன்று காலையில்தான் சாயம் பூசியிருக்க வேண்டும். அமோனியா நெடி. அதற்கும் மேலே கழிப்பறைப் பக்கமிருந்து பினாயில். "சுகந்தி, ஈரப் பஞ்சு இருக்கா?" என்றாள். மகள் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எதுக்கு?" என்றாள். "விரல்ல எச்சில்." "யாரோடது?" "அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்." சுகந்தி கைப்பைக்குள் பார்க்காமலே கையை விட்டுப் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றும் அவள் பை ஓய்வு பெறவில்லை. பஞ்சு, பிளாஸ்டிக் கவர், ஊக்கு, எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்கும். "உனக்கு எல்லாமே நாத்தம்தாம்மா" என்றாள் சுகந்தி. "இன்னிக்காவது மூக்கைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்திருக்கலாம்." மூக்கை இவள் சொல்கிறாள். இவள் வயிற்றில் இருந்தபோதுதான் இந்த மூக்கு கெட்டது. நாலு மாதம் உலகத்தில் நாறாத பொருள் ஒன்றுமில்லாமல் போயிற்று. அதன் பிறகும் அது முழுசாகத் திரும்பவில்லை. அதனால்தானோ என்னவோ பிறந்ததும் சுகந்தி என்று பெயர் வைத்தாள்.

மேடையில் ஒரு பையன் கைபேசியைப் பார்த்துப் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தான். பின்னால் நால்வர். அதில் ஒருவரிடம் ஒரு கீபோர்டு. அந்தப் பெட்டிக்குள்ளேயே இருபது வயலினும் ஷெனாயும் சித்தாரும் மழையும் இடியும் இருந்தன. பொத்தானை அழுத்தினால் வயலின்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே ஆள் வாசித்தது போல, எண்ணெயில் மிதந்து வந்தன. இருபது பேர் வாசித்தால் இருபது தப்பு இருக்கும். அந்த இருபது தப்பும் ஒன்றோடொன்று உரசித்தான் அந்தச் சத்தத்துக்கு ரத்தம் வரும். இதில் தப்பே இல்லை. பிணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருந்தது. அவள் காதை மூடிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அந்தப் பாட்டின் அடியில் பாஸ் வாத்தியம் நடக்க ஆரம்பித்ததும் அவளுடைய வலது கால் கட்டைவிரல் செருப்புக்குள் அசைந்தது. அதை அவள் அசைக்கவில்லை. அதுவாக அசைந்தது. இந்த நடை, அவள் சினிமாவுக்குக் கோரஸ் பாடிய காலத்தில் ஸ்டுடியோவில் பாஸ் வாசித்த பெஞ்சமினுடையது. பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாலும் நடை அவருடையதுதான். ஆள் உயரத்துக்கும் மேலான அந்த பாஸ் வாத்தியத்தைக் கைரிக்‌ஷாவில் உட்காரவைத்து, குடையை அதன் கழுத்துக்குமேல் பிடித்துக்கொண்டு, தான் மழையில் நனைந்தபடி பக்கத்தில் நடந்து வருவார். "ஏன் சார், நீங்களும் ஏறிக்க வேண்டியதுதானே" என்று கேட்டால், "பொம்பளை பக்கத்துல உட்காந்து போனா என் பெஞ்சாதி கோவிச்சுக்குவா" என்பார். அக்கார்டியன் அல்ஃபோன்ஸோ கோவாக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் 'சரி', 'சாப்பாடு', 'போதும்'. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை சோகப் பாட்டுக்கு அழவைத்தார். தோல்வாத்தியத்துக்கும் மற்ற எல்லாச் சத்தத்துக்கும் அப்துல் கனி பாய். குதிரை வேண்டுமென்றால் கொட்டாங்கச்சி, ரயில் வேண்டுமென்றால் உப்புத்தாள், நெருப்பு வேண்டுமென்றால் செலோபன் காகிதம். அவர்கள் வாசித்ததற்கெல்லாம் முன்னால் அப்படி ஒன்று கிடையாது. யாரையும் பார்த்து வாசிக்கவில்லை. அவள் கட்டைவிரல் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நல்லாயிருக்கு என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதும் பக்கத்து நாற்காலிக்காரர் தொடையில் தப்புத் தாளத்தைப் பளீரென்று தட்டி, "ஆஹா! அந்தக் காலம்!" என்றார். வாயிலிருந்து சமோசாத் துணுக்கு ஒன்று பறந்து முன்நாற்காலியின் முதுகில் ஒட்டியது. தவமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதுதான் கண்ணில் நின்றது.

இப்படித்தான் மாசிலாமணியின் வாயும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் வேறு எங்கும் பார்க்க முடியாது. கோரஸ் பெண்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு எப்போது பாட வேண்டும், எப்போது மூச்சு எடுக்க வேண்டும் என்று காட்டுவது இசையமைப்பாளரின் உதவியாளர் மாசிலாமணியின் வேலை. டேக் ஓடும்போது பேச முடியாது. கையைத் தூக்கினால் ஜிப்பா சரசரக்கும், அதையும் மைக் பிடித்துவிடும். ஆகவே அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் வாயை ஆவென்று திறந்து காட்டுவார். வெற்றிலை, புகையிலை, கடைவாயில் காய்ந்த சுண்ணாம்பு, நாக்கில் ஒட்டிய பாக்குத் தூள். அவர் திறக்கும்போது இவர்கள் இழுக்க வேண்டும். ஒன்பது பெண்களும் மாசிலாமணியின் வாய்க்காற்றை இழுத்துத்தான் அந்தக் காலத்து ஹம்மிங்குகள் எல்லாவற்றையும் பாடினார்கள். மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். கதவைச் சாத்திக் கம்பளியைத் தொங்கவிடுவார்கள். வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு, தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டில் நிற்க வேண்டும். குரலுக்கு ஏற்ப மைக்கிலிருந்து இத்தனை தூரம் என்று கோடு. தவமணியின் கோடு கடைசிக் கோடு. ஆனால் படகுப் பாட்டைப் பதிவு செய்த அன்று முன்கோட்டுக்காரி காய்ச்சல் என்று வரவில்லை. "நீ முன்னால வாம்மா" என்றார் மாசிலாமணி. முன்கோடு என்றால் மைக்குக்குக் கிட்ட. மாசிலாமணிக்கு அதைவிடக் கிட்ட. முடியாது என்று சொல்ல வாயில்லை. வயிறு தெரிய ஆரம்பித்தால் மூச்சு போதாது என்று அடுத்த நாளே வேறு பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் அவள் உண்டாகியிருப்பது வீட்டில் தவிர யாருக்கும் தெரியாது. மாலைவரை டேக் மேல் டேக். ஒன்றில் வயலின், ஒன்றில் கதாநாயகிக்காகப் பாடிய கமலவேணியின் தொண்டை, ஒன்றில் வெளியே காக்கை. பிலிம் வீணாகிறது என்று கண்ணாடிக்குப் பின்னால் இசையமைப்பாளர் ரங்கமன்னார் தலையில் கைவைத்துவிட்டார். கடைசி டேக். கனி பாய் பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி முழங்கைவரை கையை விட்டுத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். சளக், சளக். ஹம்மிங் ஏறியது. உச்சிக்குப் போகும் முன்னால் மூச்சு எடுக்கும் இடம் வந்தது. மாசிலாமணி வாயைத் திறந்தார். அவள் இழுத்தாள். அடிவயிற்றிலிருந்து மதியம் குடித்த கஞ்சி தொண்டைக்கு வந்தது. விழுங்கினாள். விழுங்கிய அந்த இடத்தில் குரல் ஒரு இழை அறுந்து, ஒரு விக்கலாகி, மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு மேலே போனது. பாட்டு முடிந்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். ரங்கமன்னார் வெளியே வந்து, "யாரும்மா அது?" என்றார். பெண்கள் தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார்கள். "இருக்கட்டும். அழற மாதிரியே இருக்கு. விட்டுடலாம்" என்றார். அவர் திரும்பியதும் தவமணி கனி பாயின் அண்டாவுக்கு ஓடினாள். துடுப்புத் தண்ணீரிலேயே எல்லாம் போயிற்று. கனி பாய் எழுந்து, அகன்ற முதுகைக் காட்டி, மற்றவர்கள் பார்க்காதபடி அவளுக்கு முன்னால் நின்றுகொண்டார். "என் வீட்ல ஏழு பெத்தவ இருக்கா. எனக்குத் தெரியாதா?" என்றார் திரும்பாமலே. அண்டாவை அவரே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். கையைக்கூட உதறவில்லை.

அன்று கொட்டியதோடு அது போயிருக்க வேண்டும். போகவில்லை. படப்பிடிப்பில் அந்த இடத்தைக் கேட்ட கதாநாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தியேட்டரில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பிறகு ரங்கமன்னார் பத்திரிகைகளில், "இறந்துபோன உன் தாயை நினைத்துக்கொள்ளம்மா என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்" என்று பேட்டி கொடுத்தார். அவளுடைய தாய் அப்போது பெரம்பூரில் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். அதன் பிறகு அந்தப் பாட்டைப் பாடிய ஒவ்வொரு குழுவும் அந்த விக்கலையும் சேர்த்தே பாடியது. கல்யாணக் கச்சேரியில், கோயில் திருவிழாவில், கல்லூரி விழாவில். தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு சின்னப் பெண் அந்த இடத்தை நேராகப் பாடிவிட்டாள் என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். "அந்த விசும்பல்தாம்மா பாட்டோட உயிர்." தான் விழுங்கிய கஞ்சியை ஊரே அரை நூற்றாண்டாக எடுத்து எடுத்து விழுங்குகிறது என்று நினைத்தபோது தவமணிக்கு மறுபடி குமட்டியது. ஊர் விழுங்கிவிட்டுப் போகட்டும். சுகந்தி விழுங்கியதுதான் தாங்கவில்லை. எட்டு வயதிருக்கும் அவளுக்கு. "அப்பா எப்பம்மா செத்தாரு?" "நீ வயித்துல இருக்கும்போது." "நீ இந்தப் பாட்டு எப்பப் பாடின?" "நீ வயித்துல இருக்கும்போது." அவ்வளவுதான் தவமணி சொன்னது. இரண்டும் உண்மை. குழந்தை இரண்டையும் எடுத்து, ஓரத்துக்கு ஓரம் வைத்து, தானே தைத்துக்கொண்டது. அப்பாவுக்காக அம்மா அழுத இடம். வீட்டில் யாருமில்லாத நேரங்களில் அந்த ரெக்கார்டைப் போட்டு, அந்த இடம் வந்ததும் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பாவின் ஒரு புகைப்படம்கூட இல்லாத வீட்டில் அதுதான் அப்பா. அதை எப்படிப் பிடுங்குவது? புருஷன் ஜெயசீலன் அப்போது சாகவில்லை. அந்த டேக் நடந்த அன்று சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருந்தான். வாயைத் துடைக்க அவள் முந்தானையைத்தான் இழுப்பான். "பாட்டுக்காரி வந்துட்டா" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குக்கூடப் போகாமல், மூலையில் துப்புவான். அந்த மூலையைத் தினம் அவள்தான் கழுவினாள். இரண்டு மாதம் கழித்து மஞ்சள் காமாலையில் போனான். பெட்டியில் படுக்கவைத்து மேலே மாலையாகப் போட்டார்கள். வாடிய மல்லிகையும் மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் அவள் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். "பாவம், குடலே வெளிய வருது பாரு துக்கத்துல" என்றார்கள். அங்கும் அதேதான். அவள் வாந்தி எடுத்தால் ஊருக்கு அது கண்ணீராகத்தான் தெரிகிறது. உண்மையில் அவனுக்காக ஒரு சொட்டு விழவில்லை.

இடைவேளையில் காபி வந்தது. காகிதக் குவளையின் விளிம்பில் ஈர அட்டையின் வாசனை. தவமணி குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "அடுத்து படகுப் பாட்டு. அது முடிஞ்சதும் மரியாதை பண்ண உன்னை மேடைக்குக் கூப்பிடுவாங்க" என்றாள் சுகந்தி. புதுப் புடவை. முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு ஆள் வருவாங்க. நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் எல்லாத்தையும் தொகுப்பாளர்கிட்ட சொல்லிட்டேன்." "எல்லாத்தையும்னா?" "அப்பா இறந்த வாரத்துல நீ ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடினதை. பாவம், அவருக்கே கண்ணு கலங்கிடுச்சும்மா." குவளை கையில் நெளிந்தது. காபி விரலில் வழிந்தது. இதுவரை அது ஒரு வீட்டுக்குள், ஒரு ரெக்கார்டு ஊசிக்கு அடியில் கிடந்தது. இனி மேடையில், மைக்கில், முந்நூறு பேருக்கு முன்னால். பிறகு எல்லாக் கைபேசிகளிலும். ஜெயசீலனுக்கு மாலை. மூலையில் துப்பியவனுக்கு ஊர் எழுந்து நின்று கைதட்டும். "யாரைக் கேட்டுச் சொன்ன?" என்றாள். "ஏன்? பொய்யா?" என்று சுகந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எட்டு வயது இருந்தது. தவமணி வாயைத் திறந்தாள். விளக்குகள் அணைந்தன.

பாட வந்த பெண் இருபத்தைந்துக்குள். நல்ல குரல். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார். சளக், சளக் என்று துடுப்பு. கனி பாயின் கை இல்லாத தண்ணீர். நனையாத தண்ணீர். அல்ஃபோன்ஸோ வந்தார், பெஞ்சமின் நடந்தார், எல்லோரும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்தே வந்தார்கள், வந்தும் தவமணியின் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. எத்தனை நல்ல பாட்டு. யார் எப்படிக் குதறினாலும் சாகாத பாட்டு. அது நன்றாக இருப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது, சாப்பிட மாட்டேன் என்று சொன்ன சோற்றுக்கு வாயில் நீர் ஊறுவதுபோல. மாசிலாமணி வாயைத் திறக்கும் இடம் வந்தது. அந்தப் பெண் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, விக்கினாள். அளவான, சுத்தமான, பல் துலக்கிய விக்கல். அரங்கம் "ஆ" என்றது. பக்கத்து நாற்காலிக்காரர் தவமணியின் பக்கம் சாய்ந்து, "கேட்டீங்களா? புருஷன் பொணத்தை வீட்ல போட்டுட்டு வந்து பாடினாங்களாம். அதான் அப்படி வருது" என்றார். சுகந்தி சொன்னது இடைவேளைக்குள் அரங்கைச் சுற்றி வந்து, பிணத்தை வீட்டிலேயே போட்டுவிட்டது. "அப்படியா?" என்றாள் தவமணி. "அப்ப மெழுகுவர்த்தியை யாரு பாத்துக்கிட்டாங்களாம்?"

படிகளில் ஏறும்போது முழங்கால் வலித்தது. யாரோ பொன்னாடையைப் போர்த்தினார்கள். பல பேரின் தோளில் ஏறி இறங்கிய பொன்னாடை, பீரோவுக்குள் நாப்தலின் உருண்டையோடு கிடந்து வந்தது. சரிகை கழுத்தை அறுத்தது. தொகுப்பாளர் பூவேந்தன் குரலைத் தழையவிட்டு ஆரம்பித்தார். "ஒரு பெண்… வீட்டில் கணவரின் இழப்பு… வயிற்றில் குழந்தை… ஆனால் இசை கூப்பிடுகிறது…" சொல்லிவிட வேண்டும். இவன் மூச்சு எடுக்கும் இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஐயா, அது அழுகை இல்லை, வாந்தி. ஒரே வரிதான். அவள் கீழே பார்த்தாள். முன்வரிசையில் சுகந்தி கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஊசியைத் தூக்கி மறுபடி வைக்கப்போகிற குழந்தையைப் போல. அந்த ஒரு வரி தவமணியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "அம்மா, அந்த ஹம்மிங்கை எங்களுக்காக ஒரே ஒரு தடவை?" கைதட்டல். மாட்டேன் என்று தலையாட்டினாள். அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் தட்டினார்கள். பூவேந்தன் மைக்கை அவள் வாய்க்குக் கொண்டுவந்தார். மைக்கின் பஞ்சு உறை ஈரமாக இருந்தது. மாலையிலிருந்து பாடியவர்கள் எல்லோருடைய எச்சிலும் அதில். இசைக்குழு சுருதியைப் பிடித்தது. சரி, பாடித் தொலைத்துவிட்டு இறங்கிவிடலாம், அந்த இடத்தை மட்டும் நேராகப் பாடிவிடலாம், ஜெயசீலனுக்கு ஒன்றும் கிடையாது. பாடினாள். குரல் மெலிந்திருந்தாலும் பாதை தெரிந்திருந்தது. உச்சிக்கு முந்தைய இடம் வந்தது. அவளுக்கு உதவுவதாக நினைத்து, பூவேந்தன் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, வாயை ஆவென்று திறந்து காட்டினார். பான் மசாலா. கடைவாயில் சிவப்பு. அவள் இழுத்துவிட்டாள். வயிற்றிலிருந்து வந்ததை விழுங்கினாள். குரல் ஒரு இழை அறுந்து, விக்கி, முடிச்சுப் போட்டுக்கொண்டு மேலே போனது. அரங்கமே எழுந்து நின்றது. பூவேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. பக்கவாட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினாள். பினாயில் வாசனை இன்னும் மோசமாக்கியது. சுவரைப் பிடித்துக் குனிந்தபோது, வாய்க்கு நேராக ஒரு பிளாஸ்டிக் கவர் விரிந்தபடி நின்றது. அதைப் பிடித்திருந்த கை அவசரப்படவில்லை. இன்னொரு கை நெற்றியைத் தாங்கியது. உள்ளே கைதட்டல் ஓயவில்லை. எல்லாம் போன பிறகு, வேறு துணி இல்லாததால், பொன்னாடையின் நுனியாலேயே தவமணி வாயைத் துடைத்துக்கொண்டாள். சுகந்தி எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கடியில் நீட்டினாள். கவரின் வாயை இரண்டு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டாள். பிறகு, "இது அழுகை இல்லம்மா" என்றாள். தவமணி சுவரைப் பார்த்தாள். "முப்பது வருஷமா இந்தச் சத்தத்துலதான் வேலை பார்த்தேன். கைபேசியில பிடிச்சுக்கிட்டே இருக்கேன், உன் தொண்டை ஏறி இறங்குது. ரெக்கார்டுல முகம் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுது." "அந்த ஆளு வாயி" என்றாள் தவமணி. "அன்னிக்கும்?" "அன்னிக்கு வேற ஆளு. அதே வாயி." "அப்பா?" "அப்ப உயிரோடதான் இருந்தாரு." அதற்குமேல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. சுகந்தியும் கேட்கவில்லை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிப் போவதைத் தவமணி பார்த்தாள். பயமாக இருந்தது. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "எத்தனை மாசம் அப்போ?" என்றாள் சுகந்தி. வார்டில் கேட்கும் குரல். "ரெண்டரை இருக்கும்." சுகந்தி தலையை ஆட்டினாள். விரல் வாரிலேயே நின்றுவிட்டது. "அப்ப அது நானு" என்றாள். "இத்தனை வருஷமா நான் ஊசியைத் தூக்கித் தூக்கி வச்சுக் கேட்டது என்னையேதான்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. பிறகு அந்த ஹம்மிங்கை அவளே முனக ஆரம்பித்தாள். சுகந்திக்குச் சுருதி எந்தக் காலத்திலும் சேர்ந்ததில்லை. விக்கலையும் தப்பான இடத்தில் போட்டாள். தவமணிக்கு முகம் சுளித்தது. "அங்க இல்லடி. இன்னும் கொஞ்சம் தள்ளி. ரங்கமன்னார் போட்ட மெட்டு இப்படி" என்று, எலுமிச்சம்பழத்தை மூக்கடியில் பிடித்துக்கொண்டே பாடிக் காட்டினாள். யார் வாயும் எதிரில் இல்லை. மூச்சு எடுக்கும் இடத்தில் எலுமிச்சை மணம்தான் உள்ளே போனது. ஹம்மிங் ஏறியது, அந்த இடத்துக்கு வந்தது, ஒரு இழைகூட அறாமல் உச்சிக்குப் போய் இறங்கியது. இப்படி அதை உலகத்தில் யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

சுகந்தி யோசித்தாள். முடிச்சுப் போட்ட கவரைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டாள்.

"நான் இல்லாம நல்லாவே இல்லம்மா" என்றாள்.